சாரல் ஊரில் ஒரு ஜெட்: குளோஸ்டர் இ.28/39 மாடல் கட்டுவது எப்படி?

ஆரியங்காவிலிருந்து ஒரு தம்பி கேட்டு எழுதியிருக்கிறார். துபாயில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் லீவுக்கு வந்தபோது குளோஸ்டர் இ.28/39 விமானத்தின் பிளாஸ்டிக் கிட் ஒன்று வாங்கி வந்திருக்கிறார், 1/48 அளவில். பிரிட்டனின் முதல் ஜெட் விமானம் அது. பாகங்களை டேப் போட்டுச் சேர்த்து நிறுத்திப் பார்த்தால் வால் தரையில் உட்கார்ந்துவிடுகிறதாம். வேறொரு பழைய மாடலின் இறக்கையில் மஞ்சள் அடித்துப் பார்த்தால் திட்டுத்திட்டாக வருகிறதாம். அதன்மேல் அடித்த கிளியர் லாக்கர் (நிறமில்லாத மேல்பூச்சு) மறுநாள் காலையில் சாம்பல் பூசியதுபோல வெளுத்துக் கிடந்ததாம். "அண்ணாச்சி, இந்த மழையில் இது நடக்கிற காரியமா? இல்லை, மாசி பங்குனி வரைக்கும் பெட்டியை மூடி வைக்கட்டுமா?" என்று கேட்கிறார்.

மூடி வைக்க வேண்டாம் தம்பி. நான் செங்கோட்டையில் இருக்கிறேன். உங்கள் ஊரில் கொட்டித் தீர்த்துவிட்டு மலையைத் தாண்டுகிற மேகம்தான் எங்களுக்குச் சாரலாக வருகிறது. அந்தச் சாரலில் வைத்தே இந்த விமானத்தை இரண்டு தடவை கட்டியிருக்கிறேன். முதல் தடவை உங்களுக்கு நடந்ததெல்லாம் எனக்கும் நடந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த நாளின் விமானத்தைக் கட்டப் போகிறீர்கள்? ஸ்பிட்ஃபயர் என்றால் இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். ஏதாவது ஒரு படையணியையும் எண்ணையும் தேர்ந்தெடுத்தால் போதும். இ.28/39 மொத்தமே இரண்டுதான். டபிள்யூ 4041 ஒன்று, டபிள்யூ 4046 ஒன்று. இரண்டுமே சோதனைக்கென்று பிறந்தவை. இன்றைக்குப் பறக்கும், நாளைக்குப் பிரித்துப் போடுவார்கள், எஞ்சினை மாற்றுவார்கள், வாலில் எதையாவது சேர்ப்பார்கள். 1941-இல் எடுத்த படத்திலும் 1944-இல் எடுத்த படத்திலும் இருப்பது ஒரே டபிள்யூ 4041 தான், ஆனால் உருவம் ஒன்றல்ல. இந்த மாதிரி கிட்களில் வெவ்வேறு வருஷத்து உறுப்புகளை ஒரே பெட்டியில் போட்டுவிடுவார்கள். எது எதோடு சேரும் என்பது வழிகாட்டித் தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் எல்லாவற்றையும் ஒட்டினால் எந்த நாளிலும் இல்லாத ஒரு விமானம் கையில் மிஞ்சும். என் முதல் மாடல் அப்படித்தான் ஆனது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு உறுத்துகிறது.

என் சிபாரிசு 1941 மே 15. அது ஏன் என்று சொல்ல, அன்றைய கதையைச் சொல்ல வேண்டும்.

ஃபிராங்க் விட்டில் என்ற விமானப்படை அதிகாரி ஜெட் எஞ்சினுக்கு 1930-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருடைய எஞ்சின் தரையில் முதன்முதலாக ஓடியது 1937 ஏப்ரல் 12-இல். அதை வைத்துப் பறக்க ஒரு விமானம் வேண்டுமே? குளோஸ்டர் கம்பெனியின் ஜார்ஜ் கார்ட்டர் வடிவமைத்தார். அதற்குள் ஜெர்மனி 1939 ஆகஸ்ட் 27-இல் ஹைன்கல் 178-ஐப் பறக்கவிட்டு முந்திக்கொண்டது. இங்கிலாந்தில் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த நேரம். தொழிற்சாலையில் வைத்தால் ஆபத்து என்று, செல்ட்டன்ஹம் ஊரில் ஒரு கார் கராஜுக்குள் கொண்டுபோய் வைத்து விமானத்தைச் சேர்த்தார்கள். ஒரு நாட்டின் முதல் ஜெட், கார் ரிப்பேர் பார்க்கிற இடத்தில்! வீட்டின் பின்கட்டில் மேசை போட்டு மாடல் கட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த விமானத்தின் மேல் பாசம் வந்துவிடும்.

1941 ஏப்ரலில் பிராக்வொர்த் தளத்தில் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடும்போதே சக்கரம் சில அடி மேலெழும்பித் திரும்பத் தரை தொட்டது. அப்புறம் க்ரான்வெல் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். விட்டில் கேடட்டாகப் படித்த இடமும் அதுதான். மே 15 அன்று பகல் முழுக்க வானம் மூடிக் கிடந்தது, காத்திருந்தார்கள். சாயங்காலம் தெளிந்ததும், 7.40 மணிக்கு ஜெரி சேயர் விமானத்தை எழுப்பினார். 17 நிமிஷம் பறந்தார். இங்கே ஆடி மாதத்தில் வானம் எப்போது வெளுக்கும் என்று ஜன்னலைப் பார்த்தபடி, பெயிண்ட் ஊதும் ஏர்பிரஷோடு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும்.

சரி, மே 15 என்று முடிவானால் என்னென்ன மாறும்? வாலின் படுக்கைப் பலகையில், நுனிக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சின்னத் துடுப்புகள் வேண்டாம். வேகமாகப் பறக்கும்போது ஆட்டம் வராமல் இருக்கப் பின்னாளில் சேர்த்தவை அவை. வரிசை எண்ணுக்குப் பின்னால் வரும் சாய்கோடும் 'ஜி' எழுத்தும் பிற்காலப் படங்களில் இருப்பவை. விமானம் தரையில் நிற்கும்போதெல்லாம் ஆயுதக் காவல் போட வேண்டும் என்பதற்கான குறி அந்த 'ஜி'. வட்டச் சின்னத்தையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் விமானப்படை 1942 நடுவில் அதன் வடிவத்தை மாற்றியது; வெள்ளை வளையமும் வெளியே உள்ள மஞ்சள் வளையமும் மெலிந்துவிட்டன. உங்கள் டீகால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் உள்ள தாள்) இரண்டு வகையும் இருந்தால் 1941-க்குப் பழையதுதான் சரி.

இரண்டாவது விமானமான டபிள்யூ 4046-ஐக் கட்டலாமா என்று யாராவது கேட்டால், கட்டலாம். அது 1943-இல் பறந்தது. அதே வருஷம் ஜூலை 30 அன்று 33,000 அடி உயரத்தில் ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கை ஓரத்தில் இருக்கும் மடிப்பு) இறுகிப்போய்க் கட்டுப்பாடு இழந்தது. விமானி டக்ளஸ் டேவி பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். விமானம் போய்விட்டது. டபிள்யூ 4041 மட்டும் லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் 1946-லிருந்து இருக்கிறது. அதற்குத்தான் படங்கள் அதிகம் கிடைக்கும். முதல் தடவை கட்டுகிறவர்களுக்குப் படம்தானே துணை.

இப்போது வால் சமாச்சாரம். அந்தக் காலத்துச் சண்டை விமானங்கள் பெரும்பாலும் வாலடியில் ஒரு குட்டிச் சக்கரத்தோடு மூக்கை வானத்துக்குத் தூக்கி நிற்கும். இ.28/39-க்கு மூக்குக்கடியில் சக்கரம். உண்மை விமானத்தில் எடை முன்பக்கம் சரியாக விழும்படி செய்திருப்பார்கள். நம் மாடல் வெறும் கூடு. உடம்பில் பாதி இறக்கைக்கடியில் இருக்கும் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் நீண்டு கிடப்பதால் வால் இறங்கத்தான் செய்யும். மற்ற விமானமாக இருந்தால் மூக்கில் ஈயத்தை அடைத்துவிட்டுப் போகலாம். இதற்கு மூக்கே ஓட்டை.

அந்த ஓட்டை ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் ஈயம் வைக்கும் இடமும் புரிந்துவிடும். நான் இதைக் கட்டி முடித்து அலமாரியில் வைத்ததும் பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் கேட்ட முதல் கேள்வி, "மாமா, காத்தாடி எங்க?" என்பதுதான். காற்றாடியே கிடையாது. மூக்குத் துவாரம் வழியாகக் காற்று உள்ளே போகிறது; இரண்டு குழாயாகப் பிரிந்து விமானியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கடந்து பின்னால் இருக்கும் எஞ்சினுக்குப் போகிறது. அங்கே சுழலும் சக்கரம் காற்றை அழுத்துகிறது. அழுத்திய காற்றில் எரிபொருள் எரிகிறது. சூடேறி விரிந்த வாயு டர்பைனைச் சுற்றிவிட்டு வால் குழாய் வழியாகப் பீறிட்டு வெளியேறுகிறது. முதல் பறத்தலில் இருந்த டபிள்யூ.1 எஞ்சினின் உந்துவிசை 860 பவுண்டு, ஏறக்குறைய 390 கிலோ. இன்றைய கணக்கில் ரொம்பச் சின்னது.

ஆக, மூக்கின் நடுவில் குழாய் போகிறது. அதன் மேலும் கீழும் உடம்பின் வளைவுக்குள் சின்னச் சின்ன இடுக்குகள் இருக்கும். காக்பிட்டின் கருவிப் பலகைக்கு முன்னால், முன்சக்கரக் குழியின் கூரைமேல், விமானியின் இருக்கைக்குப் பக்கவாட்டுச் சுவருக்கு வெளியே என்று இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். பெரிய சக்கரங்களின் அச்சுக்கு முன்னால் இருக்கும் எந்த இடமும் உதவும். எவ்வளவுக்கு முன்னால் தள்ளி வைக்கிறோமோ அவ்வளவுக்கு எடை குறைவாகப் போதும். தராசுக் கோலில் நுனியில் தொங்குவது அதிகமாக இழுக்குமே, அதே கணக்கு.

எடையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். நான் செய்வது இது. உடம்பின் பாதிகள், இறக்கை, வால், காக்பிட் எல்லாவற்றையும் ஒட்டாமல் டேப்பில் கட்டுவேன். வழிகாட்டித் தாளைப் பார்த்து, பெரிய சக்கரத்தின் அச்சு தரைக்கு நேராக எங்கே வருமோ அந்த இடத்தில் இரண்டு இறக்கையின் அடியிலும் பென்சிலால் புள்ளி வைப்பேன். இரண்டு ஆள்காட்டி விரல்நுனியை அந்தப் புள்ளிகளில் கொடுத்துத் தூக்கினால் வால் தொங்கும். மூக்கின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை டேப்பால் ஒட்டி, அதில் தூண்டில் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக வீட்டில் யாரையாவது போடச் சொல்வேன். ஒரு கட்டத்தில் வால் தயங்கும், மாடல் மட்டமாக நிற்கும், அடுத்த குண்டுக்கு மூக்கு மெல்லத் தலைசாய்க்கும். அதற்கு மேல் இன்னும் இரண்டு மூன்று குண்டு. பெயிண்டும் பட்டியும் பின்பக்கம் எடை கூட்டும், அதற்காக. இரண்டாவது மாடலுக்கு 14 கிராம் ஆனது. உங்கள் கிட் வேறாக இருந்தால் கணக்கும் வேறாகும். விரலில் தூக்கிப் பார்த்ததுதான் நிஜம்.

ஈயத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த வகைப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கும். பொடி ஊதிப் பெருத்து, வருஷக்கணக்கில் ஆனபிறகு ஒருநாள் மூக்கின் இணைப்பைப் பிளந்துவிடும். நம் ஊர் ஈரத்தில் அது சீக்கிரமே நடக்கும். அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸியில் ஈயக்குண்டுகளைக் குழைத்து இடுக்குகளில் அப்பிவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

மூக்குத் துவாரத்தின் உட்சுவரில் இரண்டு பாதியும் சேரும் கோடு தெரியும். அங்கே உப்புத்தாள் போட விரல் நுழையாது. அதனால் உடம்பை மூடுவதற்கு முன்பே குழாயைத் தனியாகச் சேர்த்து, ஈரத் தாளைக் குச்சியில் சுற்றித் தேய்த்து, பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து உள்ளே ஊற்றி, சுழற்றி, கவிழ்த்து வடியவிடுங்கள். இரண்டு தடவை செய்தால் கோடு மறைந்துவிடும். பிரஷ் தடமும் இருக்காது. துவாரத்தின் உதடு மெல்லியதாக, கூர்மையாக இருக்க வேண்டும். கிட்டில் தடிமனாக வந்திருந்தால் உள்பக்கமிருந்து சீவுங்கள். இந்த மாடலைப் பார்க்கிற எவருடைய கண்ணும் முதலில் போய் நிற்பது அந்த உதட்டில்தான்.

குறைந்த எண்ணிக்கையில் செய்யும் கிட் என்றால் பாகங்களில் பொருத்து ஆணி இருக்காது. பாகங்கள் பிணைந்து வரும் ஸ்ப்ரூ சட்டத்திலிருந்தே சின்னச் சீவல்களை வெட்டி, ஒரு பாதியின் உள்விளிம்பில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒட்டினால் மற்ற பாதி வழுக்காமல் உட்காரும். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் சிமென்ட் இதற்கு நல்லது. இறக்கைகள் இரண்டும் ஒரே அளவு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா என்று முன்னாலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளிக்குப் பட்டி, அப்புறம் வாட்டர் பேப்பர் 400, 800, 1000 என்று வரிசையாக. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒன்று மட்டும் தெரியாமல் இருக்கலாம். காக்பிட்டின் கண்ணாடி மூடியை ஃபெவிக்விக் வகைப் பசையால் ஒட்டினால் அதன் ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படியும். கண்ணாடிக்குத் தாராளமாக ஃபெவிகால் போடலாம், காய்ந்தால் தெரியாது. ஈயத்துக்கு ஆகாத பசை கண்ணாடிக்குத் தோது.

இனி பெயிண்ட். உங்கள் லாக்கர் வெளுத்ததற்குப் பெயிண்டின் தரம் காரணமில்லை, உங்கள் கையும் காரணமில்லை. லாக்கரில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டு போகும். மேற்பரப்பு சில்லிட்டுவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதேபோலக் காற்றில் உள்ள ஈரம் அந்தச் சில்லிட்ட படலத்தில் வேர்த்து உள்ளே மாட்டிக்கொள்ளும். படலம் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆனி ஆடியில், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

என் முதல் மாடலில் மேல்பக்கத்துப் பச்சையும் பழுப்பும் அழகாக வந்துவிட்டன. அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். விளக்கு வைக்கிற நேரத்தில் கிளியர் லாக்கர் அடித்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முதுகு முழுக்கத் திருநீறு பூசியதுபோல இருந்தது. எட்டு வார வேலை. உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, தேய்க்கவில்லை. மறுநாள் தென்காசியில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். அவர் விரலால்கூடத் தொடாமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பூத்திருக்கு, அவ்வளவுதான். தொடாம வச்சிருங்க. வெயில் அடிக்கிற அன்னைக்கு, ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் பனி மாதிரி ஒரு ஊது ஊதுங்க. அதுவா தெளிஞ்சிரும்" என்றார். ரிட்டார்டர் என்பது மெதுவாக ஆவியாகும் தின்னர். அது படலத்தை மறுபடி இளக்கி, மாட்டிய ஈரத்தை வெளியேற்றிவிட்டு நிதானமாகக் காயும். ஐந்து நாள் கழித்து ஒரு வெயில் வந்தது. ஒரு அடி தள்ளி நின்று ஒரே ஒரு ஊது. கண் முன்னால் அந்த வெள்ளை ஓரத்திலிருந்து கரைந்து போய் அடியில் இருந்த பச்சை திரும்பி வந்தது. உங்கள் பழைய இறக்கையில் இதை முதலில் செய்து பாருங்கள். தின்னர் அதிகமானால் அடியிலுள்ள பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். பனி என்றால் பனிதான், மழை ஆகக்கூடாது.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நான் லாக்கரைத் திறப்பதே இல்லை. சாரல் காலத்திலும் சில நாள் பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் இரண்டு மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும். அதற்குத் தயாராகக் காலையிலேயே மாஸ்கிங் (பெயிண்ட் படக்கூடாத இடத்தை டேப்பால் மூடுவது) எல்லாம் முடித்து வைத்திருப்பேன். வெயிலே வராத வாரத்தில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை மட்டும் பயன்படுத்துங்கள். காய நேரம் எடுக்கும், ஆனால் இப்படிப் பூக்காது. கம்ப்ரஸரையும் கவனிக்க வேண்டும். ஈரக்காற்றை அழுத்தினால் தண்ணீர் பிரியும். டேங்கின் அடித் திருகைத் திறந்தால் ஆடியில் நிஜமாகவே தண்ணீர் வடியும். ஈரம் பிடிக்கும் கிண்ணம் இல்லாத கம்ப்ரஸர் என்றால் ஒன்று வாங்கி மாட்டுங்கள். இல்லாவிட்டால் நல்ல மஞ்சள் பரப்பின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து விழும்.

காயவைக்க நான் ஒரு பழைய தகர டிரங்குப் பெட்டி வைத்திருக்கிறேன். கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல உள்ளே 25 வாட் குண்டு பல்பு. கை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும், அதற்கு மேல் போனால் இறக்கை வளைந்துவிடும். தின்னர் வாசனை முழுக்கப் போனபிறகுதான் மாடலைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஈர லாக்கரின் ஆவியும் சூடான பல்பும் ஒரு பெட்டிக்குள் இருந்தால் தீப்பிடிக்கும். அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், முகத்தில் ஆவி வடிகட்டும் மாஸ்க் இருக்கட்டும்.

மஞ்சளுக்கு வருவோம். பிரிட்டிஷ் சோதனை விமானங்களுக்குப் போர்க்காலத்தில் அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் அடித்தார்கள். உடம்பின் பக்கவாட்டில் மஞ்சள் வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்து, முன்மாதிரி விமானம் என்பதன் அடையாளம். காற்றாடியே இல்லாத ஒரு புது உருவம் தலைக்கு மேல் போனால் தரையிலிருக்கும் பீரங்கிக்காரன் என்ன நினைப்பான்? நம்மவன்தான் என்று சொல்ல அந்த மஞ்சள். ஆகவே இந்த மாடலின் உயிரே அந்த அடிவயிறு.

அது எலுமிச்சை மஞ்சள் இல்லை. ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனால் சூரியகாந்தி பூத்துக் கிடக்குமே, அந்த இதழின் அழுத்தமான மஞ்சள். பயிற்சி விமானங்களுக்கு அடித்த மஞ்சள் என்று பெயிண்ட் கம்பெனிகள் தனி டப்பாவே விற்கின்றன, கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாதா மஞ்சளில் ஊசிமுனை அளவு சிவப்பைக் கலந்து கலந்து பாருங்கள். அளவு முக்கியம், பத்துச் சொட்டு மஞ்சளுக்கு அரைச் சொட்டுச் சிவப்பு என்றாலே ஆரஞ்சாகிவிடும்.

திட்டு ஏன் வருகிறது? மஞ்சள் நிறமி அடியில் இருப்பதை மறைக்காது. சாம்பல் பிளாஸ்டிக்மேல் நேராக அடித்தால் பச்சை கலந்த அழுக்காகத் தெரியும். பட்டி போட்ட இடம் வேறு நிறம், அதுவும் தெரியும். மறைய வேண்டும் என்று இன்னும் அடிப்போம், பெயிண்ட் தடித்து ஓரத்தில் சேரும். இந்த மாடல் எவ்வளவு பெரிது? உண்மை விமானத்தின் நீளம் 7.74 மீட்டர், இறக்கை விரிப்பு 8.84 மீட்டர். 1/48-இல் நீளம் 16 செ.மீ., விரிப்பு 18 செ.மீ. சொச்சம். ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைவிட ஒரு செ.மீ. கூடுதல், அவ்வளவுதான். இதில் 0.1 மி.மீ. தடிப்பு பெயிண்ட் என்றால் உண்மை விமானத்தில் ஏறக்குறைய அரை செ.மீ. தடிப்புக்குச் சமம். தகட்டுக் கோடுகள் எல்லாம் மூடிப்போகும்.

அதனால் முதலில் சாம்பல் பிரைமர்; அதில் கீறலும் பள்ளமும் தெரியும், சரிசெய்யுங்கள். அதன்மேல் வெள்ளை, மெல்லியதாக, எல்லா இடமும் ஒரே வெண்மை வரும்வரை. சிலர் வெள்ளையில் துளி இளஞ்சிவப்பு கலப்பார்கள். நானும் இரண்டாவது மாடலுக்கு அப்படித்தான் செய்தேன், மஞ்சளுக்கு ஒரு சூடு வந்தது. பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், முதல் பூச்சு பட்டதா படவில்லையா என்னும் அளவுக்கு. பத்து நிமிஷம் விடுங்கள். அடுத்தது குறுக்காக. அடுத்தது நெடுக்காக. மூன்றாவது பூச்சு வரை வெளிறிப்போய் நம்பிக்கையில்லாமல் இருக்கும், அப்போது கைவிரல் டிரிக்கரை அழுத்தச் சொல்லும். அழுத்தக்கூடாது. நாலாவதிலோ ஐந்தாவதிலோ திடீரென்று சூரியகாந்தி வந்து நிற்கும். உடனே நிறுத்திவிடுங்கள். சக்கரக் கதவுகளின் வெளிப்பக்கத்தையும் அதே நேரத்தில், அதே கலவையில் அடித்துவிடுங்கள். பிறகு தனியாகக் கலந்தால் ஒருநாளும் ஒத்துப்போகாது.

மஞ்சளை இரண்டு நாள் முழுசாகக் காயவிட்டு, மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு மேல்பக்கம். முதலில் பழுப்பு, அதன்மேல் பச்சை. மஞ்சள் எங்கே முடிந்து மேல் நிறம் எங்கே தொடங்குகிறது என்பதை உங்கள் தேதிக்குரிய படத்தைப் பார்த்தே வையுங்கள். பழுப்பும் பச்சையும் சேரும் ஓரம் எவ்வளவு மங்கலாக இருக்கலாம் என்றால், உண்மை விமானத்தில் ஒரு அங்குல மங்கல் இருந்தாலும் நம் அளவில் அரை மி.மீ. தான். கையால் ஏர்பிரஷ் ஓட்டி அவ்வளவு நுணுக்கம் வருவது கஷ்டம். களிமண்போல உருட்ட வரும் ப்ளூ டேக் பசையைச் சேமியா கனத்துக்கு உருட்டி எல்லைக்கோட்டில் வைத்து, நேர் மேலிருந்து அடியுங்கள். டேப்பை உரிக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், தன்மேல் மடக்கி, தரையோடு தரையாக மெல்ல உரியுங்கள். ஈரநாளில் பெயிண்ட் வெளியே காய்ந்ததுபோல இருந்தாலும் உள்ளே பிடித்திருக்காது; டேப்போடு சேர்ந்து வந்துவிடும்.

டீகாலுக்கு முன் பளபளப்புப் பூச்சு அவசியம், சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மினுங்கும். மஞ்சள் 'பி' வட்டத்தைப் பச்சைமேல் ஒட்டினால் பச்சை ஊடுருவித் தெரியும். தாளில் இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். இல்லையேல் வெள்ளை டீகாலில் ஒரு வட்டம் வெட்டி அடியில் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதை அழுக்காக்காதீர்கள். சண்டை விமானம் கட்டிப் பழகியவர்களுக்குக் கை தன்னாலே புகைக்கரிக்கும் வெள்ளிக் கீறலுக்கும் போகும். இதற்குப் பக்கவாட்டுப் புகைக்குழாய் கிடையாது, புகைக்கரி வழியாது. துப்பாக்கி மாட்டவே இல்லை, இறக்கையில் வெடிமருந்துக் கறை இருக்காது. காவல் போட்டு, துடைத்து, ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்னால் பிரித்துப் பார்த்து வைத்திருந்த விமானம் அது. வால் குழாயின் உள்பக்கம் மட்டும் சுட்ட இரும்பு நிறம் போதும். தகட்டுக் கோடுகளில் மஞ்சளுக்கு இளம்பழுப்பும், மேல்பக்கத்துக்குக் கரும்பழுப்பும் மெலிதாக ஓடவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஈயம் வைத்து உடம்பை மூடுவதற்கு முன் சந்தேகம் இருந்தால் டேப்போடு அப்படியே ஒரு டப்பாவில் வைத்துச் செங்கோட்டை ரயிலில் ஏறிவிடுங்கள். என்னிடம் கிராம் தராசு இருக்கிறது, தூண்டில் குண்டும் இருக்கிறது. மூடிய பிறகு வந்தால் இரண்டு பேரும் மூக்குத் துவாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், அதனால் முன்னாலேயே வாருங்கள்.